நான் பிரித்து வைத்த கடல்

அத்தை சேற்றோடுதான் ஆரணிக்கு வந்தாள். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிச் சேறு, மேலே மார்க்கரில் எழுதிய ஓர் ஆழம். மரக்காணம் பக்கம், கடலைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி, தரையில் குழாய் இறக்கி எடுத்த மண். கல்லூரி விடுதியை விடுமுறைக்கு மூடிவிட்டதால் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் வீட்டில் மூன்று பட்டுத்தறிகள். சேறு ஆகாத வீடு. அத்தை பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து, மிக மெல்லிய சல்லடையில் மண்ணை அலசுவாள்.

"ஆத்துலயே தண்ணி இல்ல. நீ கடலைக் கொண்டாந்து இங்க கழுவிகினு இருக்க," என்பார் அப்பா. "பட்டுல ஒரு சொட்டு தெறிச்சா பேஜாராயிடும்."

"புதுக் கலர்னு சொல்லி வித்துடுண்ணா," என்பாள் அத்தை.

சல்லடையில் மிஞ்சியதைக் காயவைத்து, மாடி ஜன்னலோரம் நுண்ணோக்கியில் பார்ப்பாள். வெறும் கண்ணுக்கு அது மணல். நுண்ணோக்கியில் சுருள்கள், குடுவைகள், கோத்த மணிகள். ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் அவை. உப்பங்கழியில் வாழ்பவை வேறு, கடலில் வாழ்பவை வேறு. எந்த ஆழத்து மண்ணில் எது எத்தனை என்று தெரிந்தால், கடல் எதுவரை வந்து நின்றது, பிறகு எப்படி விலகிப் போனது என்று சொல்லிவிடலாம். ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆழம் எழுதிய சிறு அட்டைக் குழிகளில் போட்டுவைத்தாள். எல்லாம் எடுத்த பிறகு மொத்தமாக எண்ணுவதாக இருந்தாள். எண்ணிக்கையை மாத முடிவுக்குள் கொடுத்தால் ஓர் ஆய்வுக் கப்பலில் அவளுக்கு இடம் உண்டு. அத்தை அதுவரை கப்பல் ஏறியதில்லை.

ஒருநாள் அத்தை பஸ் பிடித்து சென்னைக்குப் போய் ஆசிரியரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் மாடிக்குப் போனேன். சாயங்காலங்களில் தறியில் மிஞ்சிய நூலை நிறம் பார்த்துப் பிரித்துவைப்பது என் வேலை. கலந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு குழியிலும் சுருளும் குடுவையும் கலந்து கிடந்தன. தூரிகையை நனைத்தேன். பொழுது சாய்வதற்குள் சுருள் எல்லாம் ஒரு குழியில், குடுவை எல்லாம் ஒரு குழியில், மணிகள் ஒன்றில். ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை.

அத்தை வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிர நேரமானது.

"எது எந்தக் குழியில இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா பாப்பா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே அத்தை?"

அவள் திட்டவில்லை. கீழே அப்பாவிடம் சொன்னாள். அவருக்கு உடனே புரிந்தது. "பொடவையில அங்கங்க இருந்த புட்டாப் பூவை எல்லாம் பிச்சி ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்குது உம் மருமக," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அத்தை போய்விடக் கூடாது என்றுதான் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அம்மா நினைத்தார். அது உண்மையில்லை. ஆனால் அத்தை போகவில்லை என்றதும் சந்தோஷப்பட்டது உண்மை.

ஒவ்வொரு பையிலும் பாதி மண்ணை அத்தை தனியே வைத்திருந்தாள். மறுபடியும் சல்லடை, ஜன்னல், தூரிகை. இரண்டு மாதம் ஆயிற்று. கப்பலில் அவள் இடம் வேறொருவருக்குப் போனது. அந்த இரண்டு மாதமும் பள்ளி விட்டதும் மாடிக்கு ஓடுவேன். நுண்ணோக்கியின் இரண்டு குழல்களில் ஆளுக்கொரு கண்ணை வைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டப் பார்ப்போம். அத்தை இப்போது வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போனில் பேசுகிறோம். அந்தக் கன்னத்தின் சூடு போனில் வருவதில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தை வழக்கம்போல் குனிந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று பதினொரு மணிக்கு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். காலையில் என்னிடம் மூன்று முறை மணி கேட்டாள். மூன்று முறையும் கீழே ஓடி, கடிகாரம் பார்த்து வந்து சொன்னேன். மூன்றாவது முறை பதினொன்று. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு அப்பால் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் ஓடிப்போய் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன்.