கடைசிக் கம்பத்துச் சோலையம்மாள்

கமுதிக்குத் தெற்கே வரும் உயரழுத்த மின்கம்பி முடிகிற இடத்தில்தான் சோலையம்மாளின் மிளகாய்க் காடு. அறுபதுகளில் ஊருக்குள் மோட்டார்கள் பெருகின. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்ட, வழி நெடுக வோல்டேஜ் இறங்கி, அவள் கிணற்றடிக்கு வரும்போது பல்பு பீடிக் கங்கு மாதிரி சிவந்து கிடக்கும். மோட்டார் சுற்ற முடியாமல் முனகி, சூடேறிக் கருகும். இரண்டு முறை மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் காயில் சுற்றியாயிற்று. இப்போது செடி பூவெடுத்திருந்தது. ஓட்டினால் மோட்டார் போகும், ஓட்டாவிட்டால் பூ கொட்டிவிடும்.

மின்சார ஆபீஸிலிருந்து அப்துல் ஹமீது என்ற இன்ஜினியர் வந்து பார்த்தார். மோட்டாருக்குள் காந்தம் உண்டாக ஒரு பங்கு மின்சாரம் வேண்டும், அதையும் கம்பி அத்தனை தூரம் சுமந்து வருவதால்தான் வோல்டேஜ் இறங்குகிறது, கடைசிக் கம்பத்தில் மின்தேக்கிப் பெட்டி மாட்டினால் அதை அங்கேயே கொடுத்துவிடும் என்று அவளிடம் விளக்கினார்.

பெட்டி வந்தது. வந்து இறங்கியதோ கம்பியின் தொடக்கத்தில், உக்கிரபாண்டியின் கிணற்றடியில். கோயிலில் முதல் திருநீறும் பரிவட்டமும் அவர் வீட்டுக்குத்தான். ஊருக்குப் புதிதாக எது வந்தாலும் அந்த வாசலில்தான் முதலில் இறங்க வேண்டுமாம். பெட்டிக்கே பரிவட்டம் கட்டி, சூடம் காட்டி, கம்பம் நடக் குழியும் வெட்டிவிட்டார்கள். ஹமீது வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார்.

சோலையம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. தன் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி வந்து, வண்டிக்காரர் வேல்சாமியின் துணையோடு கயிறு கட்டி அந்தக் குழியில் இறக்கினாள். தானும் இறங்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏத்தா, என்ன கூத்து இது? எந்திரி," என்றார் உக்கிரபாண்டி.

"கரண்டு இங்கனதான் இருக்குமாம்ல. என் மோட்டாரும் இங்கனயே கெடக்கட்டும்."

"எங்க குடும்பத்து மரியாதைய மறிக்கியா?"

"திருநீறு முதல்ல நீங்களே வாங்குங்கய்யா, நான் கேக்கல. இது கோயில் பிரசாதம் இல்ல." பிறகு ஹமீதைப் பார்த்தாள். "சார், எங்கிட்டச் சொன்னத ஊர் முன்னாடி சொல்லுங்க. அப்புறம் எந்திரிக்கேன்."

ஹமீது முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசிக் கம்பத்துலதான் மாட்டணும். இங்க மாட்டினா சூடம் காட்டலாம், வேற பிரயோசனம் இல்லை." அந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. கூட்டத்தில், கம்பியின் நடுவழியில் காடு வைத்திருந்தவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெட்டி கடைசிக் கம்பத்தில் ஏறியது, மோட்டாரும் அவள் கிணற்றடிக்குத் திரும்பியது. மறுநாள் காலை பல்பு வெள்ளையாக எரிந்தது, மோட்டார் ஒரே மூச்சில் பிடித்தது. சோலையம்மாள் அழுதேவிட்டாள். அழுதபடியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள்.

சற்று நேரத்தில் உக்கிரபாண்டி வந்து வாய்க்காலுக்குள்ளேயே நின்றார்.

"என் மோட்டாரும் இப்ப முக்காம ஓடுதே, சோலை."

"ஓடும், கம்பியில சுமை எறங்கிருச்சுல்ல. கடைசி ஆளுக்கு வந்து சேந்தா முன்னாடி இருக்கவுகளுக்குக் கொறஞ்சா போகும்?"

அவர் வாய்க்காலில் நின்றபடியே கம்பத்துப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா," என்றாள் சோலையம்மாள். "தண்ணி வருது."