ஜாதகம் திருத்திய மாப்பிள்ளை

மயாமியின் மெட்லி பேட்டையில் பழைய விமான எஞ்சின் வாங்கி விற்பவர்களைத் தரம் பார்த்து வரிசையில் நிறுத்தினால், எவரிஸ்தோ லாஃபுவேந்தே கடைசியில் நிற்பான். சத்தம் மட்டும் முதலில் அவனிடமிருந்துதான் வரும். 'எஞ்சின்களின் ராஜா' என்று தானே விசிட்டிங் அட்டை அடித்து வைத்திருந்தான். ராஜா ஒரு நட்டைத் திருகி ஒருவரும் பார்த்ததில்லை.

அவன் கிடங்கில் பதினாறு வருடம் காகிதம் சரிபார்த்தவள் மிக்தாலியா, அவன் மனைவி நியேவெஸின் அக்கா. கியூபாவில் எஞ்சினைப் பிரித்துக் கோத்த கை அவளுடையது. எஞ்சினுக்குள் சுழலும் டிஸ்க்குக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. இத்தனை தடவை பறந்தால் அதன் கதை முடிந்தது. அந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து சொல்லும் காகிதம்தான் அதன் ஜாதகம். அது இல்லாத டிஸ்க் வெறும் இரும்புக் கடைச் சரக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிமாவிலிருந்து சரக்கு விமானக் கம்பெனியின் பொறியாளர் ரொசாவுரா தின்கோபா ஒரு டிஸ்க் பார்க்க வந்தாள். எவரிஸ்தோ சின்னக் கோப்பையில் காபியை ஊற்றி நீட்டிக் குழைந்தான்.

"பாதி ஆயுள்கூட ஆகலம்மா. புதுப் பொண்ணு மாதிரி! மதினி, அந்த ஃபைலை எடுத்துக் குடுங்க."

மிக்தாலியா கொடுக்குமுன் புரட்டினாள். போன மாதம்தான் அந்த டிஸ்க்கை ஆயுள் முடிந்தது என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது பழைய பக்கம் ஒன்று மாயம். புதுப் பக்கத்தில் பறந்த எண்ணிக்கை பாதியாகியிருந்தது. அடியில் அவள் முத்திரை, அவள் கையெழுத்து. தேதி மார்ச் பன்னிரண்டு.

அன்றைக்கு அவள் பித்தப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள்.

"மாப்பிள்ளை, மார்ச் பன்னிரண்டு நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான், வேற எங்க?"

"ஆஸ்பத்திரியில. ஒரு நடை எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கள்ளக் கையெழுத்துப் போடவும் கொஞ்சம் சொந்த பந்தம் வேணும் மாப்பிள்ளை."

"ஐயோ, ஏதோ தேதி மாறிப்போச்சு..."

"தேதி மட்டுமா? இது ஆகாசத்துல வெடிச்சா யாரு தலையில விழும்? உங்க அட்டையிலயா?"

தின்கோபா காபியைக் கீழே வைத்தாள். மிக்தாலியா டிஸ்க்கை வண்டியில் உருட்டிக்கொண்டு அறுப்பு இயந்திரத்துக்குப் போனாள். ஆயுள் முடிந்ததை இன்னொருவன் மாட்டிவிடாதபடி அறுத்துப் போடுவதுதான் தொழில் முறை. எவரிஸ்தோ குறுக்கே பாய்ந்தான். தீப்பொறி சட்டையில் பட்டதும் ராஜா எட்டடி பின்வாங்கினார். முக்கால் மணி நேரம் பிடித்தது. தின்கோபா கடைசிவரை நின்று பார்த்தாள்.

எவரிஸ்தோ போலீஸுக்குப் போகவில்லை. போனால் ஃபைலைக் கேட்பார்கள். பெண்டாட்டிக்குத்தான் போன் போட்டு அழுதான்.

நியேவெஸ் அன்று மாலையே அக்கா வீட்டுக்கு வந்து கத்தினாள். "எம் புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா!"

"அந்த விமானம் விழுந்திருந்தா எத்தனை பேர் வாயில மண்ணு? போடி, அவனைப் போய்க் கேளு."

தங்கை கேட்கவில்லை. கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதத்தில் தின்கோபா மிக்தாலியாவைத் தங்கள் கம்பெனிக்குச் சரக்குப் பார்த்துக் கொடுக்க அமர்த்தினாள். பேட்டையில் அவள் கார் திரும்பினாலே சில முதலாளிகளுக்கு அவசர வேலை வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவள் பன்றித் தொடை சுட்டுப் பாதியைத் தங்கை வீட்டுக்கு அனுப்புவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது. தின்றவன் யாரென்று அவளுக்குத் தெரியும். போன வருடம் உப்பு குறைவு என்றுகூடச் சொல்லி அனுப்பினான், வெட்கங்கெட்டவன்.