பனி படாத குடங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதியில் உள்ள எங்கள் மளிகைக் கடைக்கு ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். கல்லாப் பெட்டியின் மேல் விரித்தார்.

பார்த்தேன். போன வாரம் இந்தப் பத்தியின் தலைமாட்டில் வெளிவந்த படம்! தெருக்குழாய் ஒன்றின் முன் பதினொரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும் படம்.

"ஏனுங்க பாய், இது நெசந்தானுங்களா? மாசியிலயே தண்ணி நின்னு போச்சுங்களா?"

"அதுக்குக் கீழயே எழுதியிருக்கேனுங்களே, படிக்கலீங்களா?"

"எழுத்தையெல்லாம் யாருங்க படிக்கறா? நான் போட்டோவ மட்டுந்தான் பாப்பேன்."

இத்தனை ஆண்டுகளாக வாரந்தோறும் எழுதிவரும் ஒருவனிடம், அவன் கடை வாசலிலேயே நின்றுகொண்டு சொல்லக்கூடிய சொல்லா இது? பொறுத்துக்கொண்டேன்.

"கண்ணால பாத்ததைத்தானுங்க எடுத்தேன்" என்றேன், சற்றே நெஞ்சை நிமிர்த்தி.

அவர் காகிதத்தை மறுபடியும் நான்காக மடித்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை. போய்விட்டார்.

ஒரு குழாயின் படம், ஒரு மனிதரைச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரச் செய்யுமா? செய்யும். ஏனென்று சொல்கிறேன்.

பொட்டலம் மடிக்க வந்த பழைய பத்திரிகைகளை வாசித்தே தமிழ் கற்றவன் நான் என்பதை நீங்கள் அறிவீர்கள். கடையை மகன் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, கைப்பேசியில் படம் பிடிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பின்பனிக் காலத்தில் மலை ஒரு தனி வெளிச்சத்தில் இருக்கிறது. முள்கம்பியில் பனி கோத்த சிலந்தி வலை, வேலிக்காலில் யாரோ கவிழ்த்து வைத்த ஒற்றை ரப்பர் பூட்ஸ், காய்கிற காப்பிக் கொட்டையின் மேல் கோழி நடந்த தடம்... இவற்றை எடுப்பதற்காக வியாழன்தோறும் மஞ்சக்குட்டை போகும் முதல் ஜீப்பில் ஏறுவேன். நடுவழியில் ஓர் ஊரில் இறங்குவேன். அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். இந்தப் பத்தியை முடிக்கும்போது காரணம் உங்களுக்கே விளங்கும்.

மலைமேல் படம் எடுக்கிறவனை யாரும் சும்மா விடுவதில்லை. டீக்கடைக்காரர், "எந்த ஆபீஸ்லிருந்துங்க?" என்று கேட்டார். ஒருவர் என்னைக் கண்டதும் மோட்டாருக்குக் கொக்கி போட்டு இழுத்த ஒயரின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். ஜீப் டிரைவர் மட்டும் நேராகவே கேட்டார்: "பாய், நீங்க எடுக்கற எடமெல்லாம் யாரு வாங்கறாங்க?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்த ஊரின் கடைசி வீட்டின் முன்னால் ஓர் இரும்புக் கேட் இருக்கிறது. அதற்கு இருபுறமும் வேலி இல்லை. முன்பு இருந்த வேலியைக் காட்டெருமைகள் சாய்த்துவிட்டன. கேட் மட்டும் தப்பியது. வீட்டுக்காரர் குமரேசன் மாலையில் அதைப் பூட்டுகிறார், காலையில் திறக்கிறார். பக்கவாட்டில் ஒரு லாரியே போகலாம். இருந்தாலும் பூட்டுகிறார்! பூட்டிய கேட், அதன் பின்னால் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கு நிறையப் பனி... எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன். பத்தியிலும் வந்தது. "அழகு" என்று பலர் சொன்னார்கள்.

அடுத்த வியாழன் நான் ஜீப்பை விட்டு இறங்கியபோது, குமரேசனின் மனைவி சரசு சாலையிலேயே நின்றிருந்தார்.

"நில்லுங்க பாய். அந்தப் போனை உள்ள வைங்க மொதல்ல."

வைத்தேன்.

"எங்கூட்டுக் கேட்டைப் போட்டோப் புடிச்சீங்களே, யாரு சொல்லிப் புடிச்சீங்க?"

"யாரும் சொல்லலியே அம்மணி. நல்லா இருந்துச்சு, எடுத்தேன்."

"நல்லா இருந்துச்சா? ஞாயித்துக்கெழம கார் வந்து நிக்குதுங்க! எங்கூட்டுக்காரரோட அண்ணன் சேலத்துல இருக்காரு. உங்க போட்டோவ நாலு பேருக்குக் காட்டி, 'இந்த எடந்தான்'னு கூட்டியாந்திருக்காரு. ரெசார்ட் கட்டப் போறாங்களாம். அண்ணன் சொன்னா இவரு கையெழுத்துப் போட்டுருவாருங்க. அப்பறம் நான் எங்க போவேன்? உங்க கடையில வந்து குந்திக்கட்டுமா?"

நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் உள்ள கூட்டுப் பட்டா. ஒன்றரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, ஓட்டு வீடு ஒன்று. அண்ணன் நகரத்தில் குடியேறி நாளாயிற்று. இங்கே உழைப்பதும் வாழ்வதும் இவர்கள்தாம். தம்பி அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை.

மலையில் இப்போது இதுவே நடைமுறை. அளவுச் சங்கிலிக்கு முன்பாகக் கைப்பேசி வந்துவிடுகிறது. படம் எடுக்கப்பட்ட இடம் பாதி விற்ற இடம் என்று ஊரார் நினைப்பதில் என்ன பிழை? ஜீப் டிரைவர் சந்தேகப்பட்டது சரிதான். என்னை நான் மட்டுமே நம்பியிருக்கிறேன்!

"இப்ப நான் என்ன அம்மணி செய்யட்டும்?" என்றேன்.

"நல்லா எடுத்தீங்கல்ல? இப்ப அசிங்கமா ஒண்ணு எடுத்துப் போடுங்க."

அன்று நான் எடுத்தவை: காட்டெருமை முட்டிய சுவர், கிழிந்த தார்ப்பாய், துருப்பிடித்த தகர டிரம், சேற்றில் புதைந்த டயர். இவற்றுள் மிகவும் அசிங்கமான தார்ப்பாயையே பத்திக்குத் தேர்ந்தெடுத்தேன். மனநிறைவுடன் இருந்தேன்.

அந்த ஞாயிறு ஒரு காருக்குப் பதிலாக இரண்டு கார்கள் வந்தன. வந்த பெண்மணி ஒருவர் தார்ப்பாய்க்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தாராம். "எவ்வளவு நேச்சுரலா இருக்கு!" என்றாராம். காட்டெருமை முட்டிய சுவரை இடிக்கவே கூடாது என்று வாங்க வந்தவர் கட்டளையிட்டாராம்... வாங்குவதற்கு முன்பே!

"உங்க கையி நொம்ப ராசியான கையிங்க பாய்" என்று சரசு சொன்ன விதத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது.

அதற்கடுத்த வியாழன் ஜீப் நின்றது. இறங்கினேன். எதிரே குழாய். குழாயின் முன்னால் பதினொரு குடங்கள்... மஞ்சள், நீலம், சிவப்பு, கடைசியில் ஒரு பச்சை. பின்னால் வெண்மையாகப் பனி. அருகே ஒரு கல்லின் மேல், கன்னத்தில் கை வைத்தபடி சரசு.

"என்ன அம்மணி இது?"

"ராத்திரி வெச்ச வரிசைங்க. இன்னும் ஒரு சொட்டு வரல. போட்டோ எடுக்கறதுன்னா எடுங்க. அந்தப் பச்சைக் குடத்தையும் சேத்து எடுங்க."

தண்ணீரில்லாத துயரத்தின் முன் நிற்கிறோம் என்று எனக்குத் தெரியத்தான் செய்தது. ஆனால் என் கண் நிறத்தைத்தான் பார்த்தது. இந்தப் பருவத்தில் நான் எடுத்தவற்றுள் இதுவே சிறந்த படம் என்று எண்ணினேன். போன வாரம் வெளியிட்டேன். அதை மடித்து எடுத்துக்கொண்டுதான் அந்தச் சேலத்து அண்ணன் செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்தார். "கண்ணால் பார்த்ததைத்தான் எடுத்தேன்" என்று நான் சொன்னதும் அவரிடந்தான்.

அவர் போன பிறகு எனக்குள் ஏதோ உறுத்தியது. அவர் முகத்திலிருந்த சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டதோ? கைப்பேசியில் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.

குழாயடிப் புல்லில் பனி. சரசு அமர்ந்திருந்த கல்லில் பனி. குழாயின் தலையில்கூடப் பனி முத்து முத்தாக நின்றது.

குடங்களின் மேல்? ஒரு துளி இல்லை!

இரவு முழுவதும் வெளியில் நின்ற குடத்தின் மேல், மாசி மாதத்தில், ஏற்காட்டு மலையில், பனி விழாமல் இருக்குமா?

வியாழக்கிழமை வரை உறக்கம் சரியாக இல்லை. முதல் ஜீப்பில் போனேன். குழாயடியில் ஒரு குடமும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குழாயைத் திருகினேன். வந்த தண்ணீர் என் கைலியை முழங்கால் வரை நனைத்துவிட்டது.

பின்னால் சிரிப்பொலி. சரசு.

"ஏன் அம்மணி, என்னைப் பொய்க்காரனாக்கிட்டீங்களே?"

"பொய்யா? சித்திரையில வந்து பாருங்க பாய். இந்த வரிசை எங்கூட்டுக் கேட்டு வரைக்கும் நிக்கும். சித்திரையில வெக்கறத மாசியில வெச்சுக் காட்டுனேன். ரெண்டு மாசம் முந்திப்போச்சு, அவ்ளோதானுங்க."

"பதினோரு குடம் ஏது?"

"ஏழு ஊட்டுக் குடமுங்க. ஜீப்பு சத்தங் கேட்டப்பறந்தான் ஓடியாந்து வெச்சோம். ஏனுங்க, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

பனியைச் சொன்னேன். சற்று யோசித்தார்.

"அட... அடுத்த தடவ தண்ணி தெளிச்சு வெக்கறமுங்க."

வாங்க வந்தவர், தண்ணீர் இல்லாத இடம் வேண்டாமென்று அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். வேறு மலை பார்க்கப் போய்விட்டாராம். காட்டெருமைக்கு அஞ்சவில்லை, கிழிசலுக்கு அஞ்சவில்லை, அழகான பதினொரு குடங்களுக்கு அஞ்சிவிட்டார். கடைசி வீட்டின் முன் குமரேசன் கடப்பாரையுடன் நின்றிருந்தார். கேட்டின் இருபுறமும் வேலிக்கால் நட்டுக்கொண்டிருந்தார். என் படம் இனி கிடைக்காது. அவர்களுடைய வீடு இருக்கும்.

ஒரு பருவம் முழுவதும் நான் கண்டெடுத்ததாக நினைத்துத் திரிந்தேன். கண்டெடுத்தவை எத்தனை, எனக்காக வைக்கப்பட்டவை எத்தனை? அந்த ஒற்றை பூட்ஸைக்கூட இப்போது நம்ப முடியவில்லை.

தவறான செய்தி வெளிவந்தால், மறுவாரம் திருத்தம் வெளியிடுவது பத்திரிகை நெறி. அந்த நெறியை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இதோ திருத்தம்: அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது; தாராளமாக வருகிறது.

எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று அண்ணன் சொன்னார் அல்லவா? அவருடைய அந்த ஒரு சொல்லை நம்பித்தான், இவ்வாரம் தலைமாட்டில் படம் வைக்கவில்லை.