எழுதித் தராத உத்தரவு

அரசுச் செயலகத்தில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தப்பில்லாமல் அடிப்பாள், அதுவே வினையாகிவிட்டது.

அந்த நாட்டுக்கு அதுவரை அரசியலமைப்பு என்று ஒரு புத்தகம் கிடையாது. பழைய சட்டங்கள், தீர்ப்புகள், மீதியெல்லாம் வழக்கம். எல்லாவற்றையும் ஒருவழியாக எழுதிவிடுவது என்று முடிவானபோது, வரைவை அடிக்க அவளையும் சேர்த்து ஐந்து பெண்களை மூன்றாவது மாடிக் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள். விஷயம் வெளியே கசியக் கூடாதாம். ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நாலு நாள் என்றார்கள். ஒன்பது நாளாயிற்று.

ஒன்பதாம் நாள் மாற்றுத்துணி கொண்டுவந்த கணவர், நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று காவலாளியிடம் சொல்லியனுப்பினார். அவள் வரைவுக் குழுவின் செயலாளரிடம் போய், ஒரு மணி நேரம் விட்டால் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று கெஞ்சினாள். முடியாது என்றார். எந்த உத்தரவுப்படி என்று கேட்டாள்.

"உத்தரவெல்லாம் இல்லம்மா. வழக்கம்தான்."

எழுத்துமூல உத்தரவின்றி எவரையும் அடைத்து வைக்கலாகாது என்ற பிரிவை அன்று காலைதான் அவள் அடித்திருந்தாள்.

"அப்போ எழுதிக் குடுங்க சார். அதுவரைக்கும் நான் அடிக்கல."

மெஷினுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்ற நால்வரும் தலையே தூக்கவில்லை. மாலை வரை பார்த்துவிட்டு, எரிச்சலில் அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்: வரைவு முடியும்வரை வெளியேறத் தடை.

அந்தத் தாளை அழுக்குத்துணி மூட்டைக்குள் வைத்து அனுப்பினாள். பஸ் ஓட்டும் கணவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் ஓடினார். எந்தச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று நீதிபதி கேட்டபோது அரசு வக்கீலால் ஒன்றையும் காட்ட முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு நாள் இவளிடம் வரவேயில்லை, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அரசியலமைப்பு நிறைவேறியது. அவளை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. பதிவேட்டு அறையின் மூலையில் ஒரு மேஜை போட்டார்கள். மெஷின் வரவில்லை, அடிக்க ஒரு தாளும் வரவில்லை. கூட இருந்த நால்வரும் வேறு படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். மறுபடி வக்கீலிடம் போனாள். கோர்ட்டில் காட்டக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எதுவும் இல்லை.

வேலையை விட்டுவிடு என்று கணவர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

"நானா எழுதிக் குடுக்க மாட்டேங்க. அவங்க எழுதட்டும்."

யாரும் எழுதவில்லை. பதினோரு வருஷம், காலை பத்து மணிக்கு வந்து, எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஐந்து மணிக்கு எழுந்து போனாள்.