தட்டை எடுத்துவிட்ட ஒரு கிழமை

சாப்பாட்டுக்கடை வேலை என்பது பசியோடு வருகிறவருக்கு முன்னால் நியாயம் பேசாமல் இருக்கப் பழகுகிற தொழில். எனக்கு அது கடைசிவரை பழகவேயில்லை.

ஊழியர் வேலைநிறுத்தத்தால் கம்பஸ் மூடிக்கிடந்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் றீற்றா அன்ரியின் கடையில் மேசை பார்க்கப் போனேன். துறைமுகப் பக்கம், மூதூர் லோஞ்ச் புறப்படும் இறங்குதுறைக்குக் கிட்ட, ஏழு மேசையுள்ள சின்னக் கடை. அன்ரி வாசலோடு இருப்பார். குசினிக்குள் மலர் அக்காவும் இன்னொரு அக்காவும். நடுவில் நான். விவாத அணியில் மூன்று வருடம் இருந்தவளை நடுவில் விட்டது அன்ரியின் பிழை, என்னுடையதல்ல. நீங்களும் எங்காவது தட்டுத் தூக்கியவராகவோ, தட்டுக்காகக் காத்திருந்தவராகவோ இருந்தால் நான் பட்டது உங்களுக்கு விளங்கும்.

பத்துத் தொன் விரல்

எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் வடை, ரொட்டி எதையும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. நீங்கள் கதிரையில் இருந்ததும் கேளாமலே ஒரு தட்டு வந்து குந்தும். உழுந்து வடை, பற்றிஸ், உள்ளே கறி வைத்து மடித்த மீன் ரொட்டி, மரக்கறி ரொட்டி. விரும்பியதைச் சாப்பிடலாம், சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. மிஞ்சியது தட்டோடு எழும்பி அடுத்த மேசைக்குப் போகும். அங்கே மிஞ்சியது அதற்கடுத்த மேசைக்கு. விற்காத ஒரு மரக்கறி ரொட்டி பத்து மணிக்குள் ஏழு மேசையையும் சுற்றிவந்து, என்னைவிடக் கூடுதலாக ஊர்க்கதை அறிந்து வைத்திருக்கும்.

இதையாவது பொறுக்கலாம். தவம் அண்ணையைப் பொறுக்க ஏலாது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தட்டு வந்ததும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொரு ரொட்டியாக அமுக்குவார். நாலை அமுக்கி ஐந்தாவதை எடுப்பார். அந்த நாலும் கன்னம் குழிவிழுந்தபடி அடுத்த மேசைக்குப் போகும். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்: “அண்ணை, நீங்கள் அமுக்கிவிட்ட ரொட்டியை மற்ற ஆள் எப்பிடிச் சாப்பிடுறது?” அவர் கோபிக்கவில்லை. விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார்.

“தங்கச்சி, பத்துத் தொன் சாமானை முட்டை மாதிரி இறக்கி வைக்கிற கை இது. உங்கட ரொட்டிக்கு ஒண்டும் ஆகாது.”

அன்ரி தந்த தவணை

அன்றைக்கே அன்ரியிடம் வழக்கைக் கொண்டுபோனேன். காசு எண்ணின கை, மீன் பெட்டி தூக்கின கை, தும்மலுக்குக் குடுத்த கை எல்லாம் ஒரே தட்டுக்குள்தான் போகுது என்றேன். அன்ரி கிளாசுகளைத் துடைத்துக்கொண்டே, “பதினெட்டு வருசமாத் தட்டு வைக்கிறன், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல” என்றார். “வயித்தால போனவை உங்களிட்ட வந்து சொல்லிப்போட்டோ போவினம்?” என்று கேட்டேன். கையில் இருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு கடை திறந்திருந்தார்கள். பெரிய மின்விசிறி, சுவரளவு டீவி, மேசைக்கு மேசை தட்டு. எங்கள் வழமையான ஆட்கள் சிலர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சப்பேர் போனால் குசினியில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவேண்டி வரும். கடைசியாக வந்து சேர்ந்தவர் மலர் அக்கா. அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடவில்லை. நான் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் அன்ரி கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“சரி, ஒரு கிழமை தாறன், வாற சனி வரைக்கும். சனம் எதிர்க்கடைக்குப் போச்சுதெண்டால் தட்டு திரும்பி வரும், நீ குசினிக்குள்ள போவாய். அங்க இருந்து வெங்காயத்தோட விவாதி.”

சல்லி அண்ணையின் நாலு வடை

திங்கட்கிழமை எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, கையில் இடுக்கியோடு நின்றேன். வருகிறவர்களிடம் மரியாதையாகக் கேட்டேன்: “என்ன தர? எத்தினை தர?” சோதனைச்சாவடியில் அடையாள அட்டை கேட்டதுபோல் முழித்தார்கள். “பிளேன்ரீ மட்டும் தாங்கோ.” அடுத்த மேசையும் பிளேன்ரீ மட்டும். அதற்கடுத்ததும். பத்து மணிக்குப் பெட்டி நிறைந்தபடியே இருந்தது. மலர் அக்கா குசினி வாசலுக்கு வந்து, பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, உள்ளே போனார். திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன்.

யோகன் அண்ணை சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து விடிய மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு எங்கள் கடைக்கு வருகிறவர். வந்தால் நாலு வடை நிச்சயம். அன்று அவரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். எங்கள் ஊர் வீதிகளில் ஆடுமாடுபோல் திரிகிற மான்களில் வாசலில் நின்ற ஒன்றைத் துரத்துகிற சாட்டில் பின்னால் போய், “அண்ணை, வடை சரியில்லையோ?” என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிளை எதிர்க்கடைப் பக்கம் திருப்பிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நாலு வடை எண்டு அவ்வளவு பேருக்கு முன்னால சத்தமாச் சொல்லச் சொன்னால் எப்பிடிப் பிள்ளை? தட்டு இருந்தால் அது எனக்கும் வடைக்கும் மட்டும்தானே தெரியும்.”

வெள்ளிக்கிழமை ரொட்டி

வியாழக்கிழமை மூன்று மேசை காலி. வெள்ளிக்கிழமை காலை, காணிப் பத்திர அலுவலாகக் கந்தோருக்கு வந்த ஒரு அம்மா தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் கடதாசிகள் நிறைந்த பை, நெற்றியில் திருநீறு. தயக்கமில்லாமல் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது. “மகள், மரக்கறி ரொட்டி ரெண்டு. இண்டைக்கு வெள்ளி, நான் சைவம். பாத்துத் தாங்கோ.”

பெட்டியைத் திறந்தேன். மீன் ரொட்டியும் மரக்கறி ரொட்டியும் ஒரே சதுரம், ஒரே நிறம், ஒரே பொரிவு. மலர் அக்கா இரண்டையும் வேறு வேறு தட்டில்தான் அனுப்புவார். பெட்டியை அழகாக அடுக்குகிறேன் என்று காலையில் இரண்டையும் கலந்தது நான். இடுக்கியால் தூக்கிப் பார்த்தேன். இடுக்கிக்கு ஒன்றும் தெரியாது. மலர் அக்காவைக் கூப்பிட்டேன், அவர் பின்னால் தண்ணீர் அள்ளப் போயிருந்தார். அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்பிக் கேட்டவருக்கு மீனைக் கொடுக்க ஏலாது. என் கை இடுக்கியை வைத்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்களாகவே உள்ளே போயின. முதலாவது மெத்தென்று அமிழ்ந்தது, மீன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உருளைக்கிழங்கு விரலைத் தடுத்தது. ஊரில் பாதிப்பேர் ஏன் ரொட்டியை அமுக்குகிறார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. கடிக்க முன்னம் தெரியவேண்டிய விஷயம் அது. “பரவாயில்லை மகள், அமுக்கினால்தானே தெரியும்” என்றார் அந்த அம்மா. நிம்மதியாகத் திரும்பினால், பக்கத்து மேசையில் தவம் அண்ணை, தேத்தண்ணிக் கிளாசை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தினை தொன் இருக்கும், தங்கச்சி?”

மடிப்பு

அன்று பின்னேரம், யாரும் அனுப்பாமல் நானாகவே குசினிக்குள் போனேன். “அக்கா, ரெண்டு ரொட்டியையும் ஏன் ஒரே மாதிரி மடிக்கிறியள்?” என்று கேட்டேன். “ஒருத்தரும் வேற மாதிரிக் கேக்கேல்ல” என்றார் மலர் அக்கா. மீன் என்றால் முக்கோணம், மரக்கறி என்றால் சதுரம் என்று முடிவெடுத்தோம். நான் மடித்த முதல் முக்கோணம் கல்லில் போட்டதும் விரிந்து, உள்ளிருந்த மீன் வெளியே எட்டிப் பார்த்தது. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, மூலையை எப்படி உள்ளே செருகுவது என்று இரண்டுமுறை காட்டினார். அந்தக் கிழமை முழுக்க அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

சனிக்கிழமை தட்டை நானே திரும்பக் கொண்டுவந்தேன். சின்னத் தட்டு, மேலே ஈ மொய்க்காமல் ஒரு வலைமூடி, பக்கத்தில் ஒரு இடுக்கி. கை பட்டதைத் தொட்டவரே சாப்பிடவேண்டும் என்பது சட்டம். முதல் தட்டு மூதூர் லோஞ்சில் வேலை செய்யும் சலீம் நானாவின் மேசைக்குப் போனது. முக்கோணம் மீன், சதுரம் மரக்கறி என்று விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். இடுக்கியை எடுத்து ஒவ்வொரு முக்கோணமாக நசுக்கிப் பார்க்கத் தொடங்கினார். “நானா, அதுதானே சொன்னனான், முக்கோணமெண்டால் மீன்” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மீனெண்டு தெரியுது புள்ள. இண்டைக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா எண்டுதான் பாக்கிறன்.”

சனிக்கிழமைத் தீர்ப்பு

பத்து மணிக்கு ஐந்து மேசையில் ஆட்கள். யோகன் அண்ணையின் சைக்கிள் எதிர்க்கடை வாசலில் நின்றது. போய்க் கூப்பிட எனக்கு ரோசம் விடவில்லை. வலைமூடி போட்ட தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாசல் மேசைக்கும் உள்மேசைக்கும் தேவைக்கு மேலேயே நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ரயருக்குக் காற்றுப் போதுமோ என்று பார்ப்பவர்போல் குனிந்து குனிந்து வீதியைக் கடந்து வந்தார். மூலை மேசையில் இருந்தார். ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கப் போனேன். அந்த மாதத்து விடுமுறை நாள் எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது தட்டில் வடை இல்லை. இடுக்கி வைத்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. கையாலேதான் எடுத்திருக்கிறார். கேட்கத்தான் போனேன். பிறகு யோசித்தேன். தொட்டதெல்லாவற்றையும் அவரே சாப்பிட்டுவிட்டார், சட்டப்படி குற்றமில்லை.

மத்தியானத்துக்கு முன்னம் ஏழு மேசையும் நிறைந்து, மலர் அக்கா இரண்டாம் முறை மாக் குழைத்தார். திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்று அன்ரி அவரிடம் சொல்லவில்லை, சம்பல் அரைக்கத் தேங்காய் போதாது என்று மட்டும் சொன்னார். என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. பொறுக்க ஏலாமல் நானே முன்னால் போய் நின்றேன். “அன்ரி, இப்ப நான் வெண்டனானோ, தோத்தனானோ?” அன்ரி கிளாசைத் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

“தட்டு என்ர, மூடி உன்ர. நீ குசினிக்குள்ள போகவேண்டாம், முன்னுக்கே நில். உன்னோட வாய் காட்டத்தான் பாதிச் சனம் வருது.”

நியாயம் முழுக்க என் பக்கம் இருந்த திங்கட்கிழமை பெட்டி காலியாகவில்லை, பாதியை விட்டுக்கொடுத்த சனிக்கிழமை கதிரை போதவில்லை. இதை எந்த விவாத அணியிலும் சொல்லித்தரமாட்டார்கள்.