பொட்டில்லாத நெற்றி

ஹட்டனில் மணப்பெண் அலங்காரக் கடை திறந்தபோது, பெயர்ப்பலகையில் கடையின் பெயரைவிடச் சிலுவையைப் பெரிதாக வரையச் சொன்னேன். நான் பெந்தெகொஸ்தே சபைக்காரி. பொட்டு வைக்கமாட்டேன், நகை போடமாட்டேன். அடுத்தவருக்கு அள்ளிப் பூட்டுவதுதான் என் தொழில்!

முதல் மணப்பெண் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மாவோடு வந்தாள். என் நெற்றியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. தாலியறுத்தவ மாதிரி நின்னு எம் புள்ளைக்குப் பூ வைப்பீங்களா? அன்னைக்கு மட்டும் ஒரு பொட்டு வச்சுக்கங்களேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாசல்ல ஆட்டோவோட நிக்கிறாரே, அவருதாங்க என் வீட்டுக்காரர். பொட்டு வைக்காதது என் விசுவாசம். புடிக்கலன்னா வேற கடை பாருங்க."

மகளோ கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இவுங்கதாம்மா வேணும்."

கல்யாணத்தன்று விடியும்போதே நானும் வீட்டுக்காரரும் ஆட்டோவில், தோட்டத்து வரிசை வீடுகளான அவர்கள் லயத்துக்குப் போய்விட்டோம். என் கால் தரையில் நிற்கவில்லை. மணப்பெண்ணின் தலையில் கை வைத்து வாய்விட்டு ஜெபித்தேன். கூறைச்சேலை கட்டி, நெற்றிச்சுட்டி மாட்டி, கடைசியாகப் பொட்டு வைக்கப் போனேன்.

"நிறுத்துங்க!" என்றார் மாப்பிள்ளையின் அத்தை, கூறையைக் கொண்டுவந்தவர். "வெறும் நெத்தியோட நிக்கிற பொம்பளையா பொண்ணுக்குப் பொட்டு வைக்கிறது?"

நான் வாய் திறப்பதற்குள் பெண்ணின் அம்மாவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது.

"அவுங்க புருஷன் வாசல்ல ஆட்டோவோட நிக்கிறாரு, போய்ப் பாருங்க! அது அவுங்க சாமி வழக்கம். நீங்க வைங்கம்மா, நல்லாப் பெருசா வைங்க!"