சாவி போட்டதும் எரிய வேண்டிய விளக்கு

என் மனைவி நிர்மலாவோடு வாடகைக் காரில் ஏறுவது லேசான காரியம் இல்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பித் தயாராக நிற்பார். இவள் அணைக்கச் சொல்லுவாள். "தம்பி, ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு சாவிய மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்பாள். முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் விளக்குகளை விரல்விட்டு எண்ணுவாள். எண்ணி முடித்த பிறகுதான் கதவைச் சாத்துவாள். "ஏன்க்கா, வண்டிய வெலைக்குக் கேக்கப் போறீங்களா?" என்று ஒரு டிரைவர் கிண்டல் செய்தார். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த விளக்குகள்தான் அவள் பிழைப்பு. கார்களுக்கு மீட்டர் செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கடைசிச் சோதனை அவளுடையது. பெல்ட்டில் வரும் மீட்டரை எடுத்துச் செருகி, கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்துவாள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து அணைய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் மீட்டர் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எரியுற லைட்டப் பாத்துதான் எல்லாரும் பயப்படறாங்க. எனக்கு எரியாத லைட்டத் தேடறதுதான் வேல" என்று சொல்லிச் சிரித்தாள். உத்தனப்பள்ளியில் அவள் வீட்டார் தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் அவள்.

நான் மாதேஸ்வரன். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தி எனக்கு வீட்டிலும் அதே தொண்டைதான். நிர்மலா எதையும் ஒரு தடவைதான் சொல்லுவாள். கேட்டால் கேட்டது, இல்லாவிட்டால் போனது. எங்கள் குடித்தனத்தில் யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அவள் தம்பி கோபி பழைய கார் ஒன்று வாங்கினான். எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வியாபாரி, "ஏனூ ப்ராப்ளம் இல்லா சார்" என்று கன்னடத்தில் சத்தியம் செய்து கொடுத்த வண்டி. "டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட எரியல மாமா, அவ்ளோ சுத்தமான வண்டி!" என்று என்னிடம் குதித்தான். கிருஷ்ணகிரியில் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னால்தான் பூஜை போட்டோம். பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நிர்மலா ஜன்னல் வழியாகக் குனிந்து தம்பி நெற்றியில் திருநீறு பூசினாள். அவன் சாவியைப் போட்டான். குனிந்தவள் நிமிரவில்லை.

"கோபி, இன்னொருக்கா போடு" என்றாள். போட்டான். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"என்னங்க, ஆயில் லைட்டு வரல. சாவி போட்டதும் வரணும், ஸ்டார்ட் ஆனாத்தான் போவணும். இன்னிக்கி வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "லைட்டு எரிஞ்சாத்தான்டி கவலப்படணும். எரியலன்னு ஒப்பாரி வெக்கிறவள இன்னிக்கித்தான் பாக்கறன். பூசணிக்கா ஒடச்சாச்சு. நல்ல காரியத்துல வாயத் தொறக்காத."

"அக்கா, இது உன் கம்பெனி பெல்ட்டு இல்லக்கா" என்றான் கோபி. அவள் விலகி நின்றாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, வண்டி போய்விட்டது.

குந்தாரப்பள்ளிக்குச் சற்று முன்னால் இன்ஜின் எண்ணெய் இல்லாமல் இறுகி, ஓடிக்கொண்டிருந்த வண்டி நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்துத்தான் இருக்கிறார். பத்தரை மணிக்கு எங்களுக்குப் போன் வந்தது. கோபிக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

மூன்றாம் நாள், நொறுங்கிய வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்கு நிர்மலா என்னைக் கூட்டிப் போனாள். மீட்டர் தெறித்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து, வேலையில் செய்வதைப் போலவே திருப்பிப் பார்த்தாள். மற்ற பல்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆயில் விளக்கின் குழி மட்டும் காலி. விளக்கு எரிந்தால் வண்டி விலை போகாது என்று யாரோ பொறுமையாக உட்கார்ந்து அந்த ஒன்றை மட்டும் கழற்றியிருக்கிறார்கள்.

"பல்பு இல்லீங்க" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. "நான் அப்பவே சொன்னனே" என்று அன்று சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எனக்குச் சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், ஷிப்டுக்குப் போய் வந்தாள். தூக்கத்தில் அவள் கட்டைவிரல் பாயில் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். நான் பக்கத்தில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்தால் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். பட்டப்பகலில், லாரிகளுக்கு நடுவே, கோபி அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு நிற்பான். கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லுவான். ஒரு வண்டியும் நிற்காது. நிர்மலா அந்த இடத்துக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன ஆவணியில் எங்கள் மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம் செய்தோம். மாப்பிள்ளை ஹரீஷ்குமாரும் ஒரு பழைய கார் வாங்கினார். இந்தத் தை மாதம் இருவரும் குடகுக்குப் போகக் கிளம்பினார்கள். வழியனுப்ப மாப்பிள்ளையின் அப்பா ஆஞ்சப்பனும் வந்திருந்தார். நல்ல நேரம், சாஸ்திரம் என்றால் ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றினேன். மாப்பிள்ளை வண்டி என்பதால் நிர்மலா வாசலிலேயே நின்றுவிட்டாள். சம்மந்தி முன்னால் எட்டிப் பார்த்து எண்ண முடியுமா? வண்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை சாவியைப் போட்டார். எல்லா விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் கிளம்பியது, எல்லாம் அணைந்தன. பிறகு ஆயில் விளக்கு மட்டும் சிவப்பாக மினுக்கியது.

"நாலு நாளா இப்படித்தான் மாமா. கொஞ்சம் மிதிச்சாப் போயிடும்" என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார் மாப்பிள்ளை. போய்விட்டது. காலை எடுத்தார். மறுபடி வந்தது.

பின் சீட்டில், பைகளுக்கு நடுவே, நீலச் சட்டை தெரிந்தது. யுவஸ்ரீயின் நீலப் போர்வை அது என்று பிறகுதான் கவனித்தேன். அதற்குள் என் கை உள்ளே போய்ச் சாவியைப் பிடுங்கிவிட்டது.

"வண்டி போவாது" என்றேன்.

"சம்மந்தி, கற்பூரம் எரியுது. இப்ப வந்து தடுக்கறது நல்லா இல்லீங்க" என்றார் ஆஞ்சப்பன்.

"அப்பா, மானத்த வாங்காதீங்க" என்று யுவஸ்ரீ பல்லைக் கடித்தாள். மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. மகளின் வாழ்க்கைக்கு நானே குழி பறிக்கிறேனோ என்று தோன்றியது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. கற்பூரம் எரிந்து தீர்ந்தது. அடுத்த தெரு மெக்கானிக் கங்கப்பனைப் போன் போட்டு வரவழைத்தேன்.

அவர் ஆயில் ஊற்றும் இடத்தைப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். பிறகு விளக்குக்கான சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் பார்க்கும் மீட்டரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். நாங்கள் எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிரஷர் சூப்பரா இருக்குதுங்க. இன்ஜின்ல ஒரு கொறையும் இல்ல. சுவிட்சுதான் போயிருக்குது, சின்னச் சாமான்" என்றார்.

அரை மணி நேரத்தில் புது சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. விளக்கு அதன்பின் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. "இதுக்கா சம்மந்தி இந்தக் குதி குதிச்சீங்க!" என்று ஆஞ்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தார், கங்கப்பன் சிரித்தார், எதிர்வீட்டு மாடியிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். வண்டி போயிற்று. மத்தியானம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சாப்பிடுவதாக யுவஸ்ரீ போன் செய்தாள். கோபம் தீராத குரலில்தான் பேசினாள்.

போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நிர்மலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க நிர்மலா" என்றேன்.

ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் அந்த நாளைப் பற்றிப் பேசினாள். குரலில் துளிக் கோபம் இல்லை.

"அன்னிக்கி கோபியத் தடுக்க நீங்க என்ன விட்டிருந்தா, என்னப் பாத்தும் இப்படி நாலு பேரு சிரிச்சிருப்பாங்க. அவ்ளோதானுங்க ஆயிருக்கும்."